குழல் மாற்றிய .243: ஒன்பது வருடப் பழக்கம்

மார்கழி மழை. சாவகச்சேரி வீட்டு விறாந்தையில் இருந்து என் தோட்டாக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். துவக்கு கனடாவில், அல்பேர்ட்டாவில் பூட்டிய அலுமாரிக்குள் கிடக்கிறது. இங்கே உரிமம் இல்லாமல் இந்தச் சாமான்களைத் தொடக்கூடாது என்பதால் ஒரு வெறுங்கோதைக்கூடப் பயணப் பெட்டிக்குள் போடவில்லை. கொப்பி மட்டும்தான் கூட வந்தது. பெரியப்பா பக்கத்துக் கதிரையில் வந்திருந்து எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி கணக்கு?"

"தோட்டா செய்யிற கணக்கு, பெரியப்பா."

"ஏன், அங்கை கடையில வாங்கேலாதே?"

அவர் ஒரு காலத்தில் வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்தவர். பன்றிக்கு இடியன் வைத்திருந்தார். மருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பை அடைத்து, சன்னத்தைப் போட்டு, மேலே திரும்பவும் தும்பு வைத்துக் கம்பியால் இடிப்பார். ஒவ்வொரு வெடியும் கையளவுதான். மருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, பறந்துபோகும் சன்னம், எல்லாவற்றையும் தாங்கும் பித்தளைக் கோது என்ற அவருடைய சொற்களே எனக்கும் போதுமாக இருந்தன. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

துவக்கு ரெமிங்டன் 700. முதலில் சாதாரண .243 வின்செஸ்டர்; .308 கோதின் கழுத்தை 6 மில்லிமீற்றருக்கு ஒடுக்கி 1955இல் வந்த தோட்டா. 2016இல் பழைய குழலின் தொண்டை, அதாவது தோட்டா இருக்கும் அறைக்கு முன்னால், சன்னத்தைச் சுழலவைக்கும் புரி தொடங்கும் இடம், எரிந்து தேய்ந்துவிட்டது. 100 யாரில் ஓர் அங்குலத்துக்குள் விழுந்த வெடிகள் மூன்று அங்குலத்துக்குச் சிதறின. எப்படியும் குழல் மாற்றத்தான் வேண்டும், அறையையும் ஆக்லி முறையில் வெட்டினால் என்ன என்று தோன்றியது. பி. ஓ. ஆக்லி என்ற அமெரிக்கத் துவக்குத் தொழிலாளியின் வழி அது. கோதின் பக்கச் சரிவைக் குறைத்து, கழுத்துக்குக் கீழே 20 பாகையாகச் சரியும் தோளை 40 பாகைக்கு நிமிர்த்திவிடுவார். மருந்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். கம்பனிகள் தரப்படுத்தாத இப்படியான தோட்டாக்களைத்தான் வைல்ட்கேட் என்கிறார்கள்.

எல்லாரும் இதை வேகத்துக்காகச் செய்கிறார்கள். எனக்குக் கிடைத்த வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 80 அடி கூட, அவ்வளவுதான். இந்த ஒன்பது பருவத்தில் ஏழு மான் விழுந்தது. ஒன்றுகூட 250 யாருக்கு அப்பால் இல்லை. அந்தத் தூரத்தில் 80 அடியால் மானுக்கும் வித்தியாசம் இல்லை, எனக்கும் இல்லை. வேகத்துக்காக மட்டும் யாராவது காசு செலவழிக்க நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உண்மையான லாபம் வேறு இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று புரி. பழைய குழலில் ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்று, புதியதில் 8 அங்குலத்துக்கு ஒன்று. 105 கிரெயின் நிறையுள்ள நீளச் சன்னம் பழைய குழலில் தள்ளாடியது. இப்போது நேராகப் போகிறது. இதற்கு வைல்ட்கேட்டே தேவையில்லை, சாதாரண அறையோடும் இந்தப் புரியைப் போடலாம். மற்றது கோது. முன்பு இரண்டு மூன்று வெடிக்கு ஒருமுறை கழுத்து நீண்டு, வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இப்போது ஆறு ஏழு வெடிக்கும் கத்தியை எடுப்பதில்லை.

தொடக்கம் மட்டும் நல்லதாக இருக்கவில்லை. ஆக்லி அறையின் நீளத்தைச் சாதாரண அளவைவிட 0.004 அங்குலம் குறைத்து வெட்டவேண்டும். அப்போதுதான் கடைத் தோட்டாவைப் போட்டு, அறையைப் பின்னால் அடைக்கும் போல்ட்டை மூடும்போது தோளும் கழுத்தும் சேரும் இடம் இறுக்கிப் பிடிபடும். எனக்குக் குழல் போட்டவர் சாதாரண அளவுக்கே வெட்டிவிட்டார். முதல் இருபது வெடிக்குப் பிறகு கோதுகளை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். அடியிலிருந்து ஒரு விரல் தடிப்பு மேலே, சுற்றிவர மினுக்கென்று ஒரு வளையம். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, உள்ளே விட்டு மெல்ல இழுத்தேன். அதே இடத்தில் கிளிப் ஒரு பள்ளத்தில் தடக்கியது. கோது முன்னுக்கு இழுபட்டுச் சுவர் மெலிந்திருக்கிறது. இரண்டு கோதில் மயிர் போன்ற வெடிப்பும் இருந்தது. கவனியாமல் திரும்ப நிரப்பிச் சுட்டிருந்தால் கோது அறுந்து, வாயு பின்னுக்குக் கண்ணை நோக்கி வந்திருக்கும். பிறகு குழலை லேத்தில் ஏற்றி, ஒரு மரை பின்தள்ளி, அறையைத் திரும்ப வெட்டினார்கள். மூன்று மாதம் போனது, அந்த வருட வேட்டையும் போனது. இப்போது கடைத் தோட்டாவைப் போட்டால் போல்ட் கடைசியில் கொஞ்சம் அழுத்திக் கேட்கும். அந்த அழுத்தம் கையில் தெரியாவிட்டால் சுடக்கூடாது.

கடைத் தோட்டாவையும் சுடலாம் என்பதுதான் இந்த வைல்ட்கேட்டில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். சாதாரண .243ஐச் சுட்டால், வெளியே வரும் கோது புதிய தோளோடு வரும். ஒருமுறை அல்பேர்ட்டாவின் வடக்கே போனபோது என் தோட்டாப் பெட்டியை வீட்டில் மறந்துவிட்டேன். வழியில் ஒரு சின்ன ஊர்க் கடையில் ஒரு பெட்டி .243 வாங்கி மானோடு திரும்பினேன். வேறு பல வைல்ட்கேட்டுகளில் அன்றைக்குச் சும்மா திரும்பியிருக்க வேண்டும்.

நிறுக்கும் வேலையைப் பெரியப்பாவுக்கு விளக்கக் கஸ்தூரியார் வீதித் தட்டாரின் தராசுதான் உதவியது. ஒரு கிரெயின் என்றால் கிட்டத்தட்ட அரைக் குன்றிமணி. நான் அதில் பத்திலொரு பங்குக்கு நிறுக்கிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். சுடச்சுடப் பித்தளை இறுகுவதால், சில வெடிக்கு ஒருமுறை கோதின் கழுத்தை மட்டும் நெருப்பில் வாட்டி இளக்குகிறேன் என்றபோது, "நகைக்கும் அப்பிடித்தானே காய்ச்சிறவங்கள்" என்றார். அதே வேலைதான். அடிப்பக்கம் சூடேறக்கூடாது, அது இளகினால் ஆபத்து.

மருந்து எச்4350. அவுஸ்திரேலியாவில் முல்வாலா என்ற ஊரில் செய்கிறார்கள். ஆடி மாத வெயிலில் பார்த்த வேகத்துக்கும் கார்த்திகையில் மைனஸ் 20இல் பார்த்த வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் குளிருக்கு அது முக்கியம். என் அளவை இங்கே எழுதமாட்டேன். ஒவ்வொரு அறையும் வேறு. ஆக்லி அறை என்பதற்காக யாரும் எடுத்த எடுப்பில் மருந்தைக் கூட்ட வேண்டாம். அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறி, அழுத்தம் மிஞ்சுகிறதா என்று கேப்பையும் போல்ட்டையும் பார்த்துப் பார்த்துப் போகவேண்டும்.

இதுவரை 1,100 வெடி. சிறு கமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், தொண்டை வற்றிய குளத்து மண் போல வெடித்திருக்கிறது. இன்னும் ஓர் அங்குலத்துக்குள் விழுகிறது என்றாலும் அடுத்த குழலுக்குச் சொல்லிவிட்டேன். அதே அறை, அதே 8 அங்குலப் புரி. அறையின் நீளத்தைச் சரிபார்க்கும் கேஜை இந்த முறை நானே வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் கையில் கொண்டுபோய், லேத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வாங்கி வருவேன்.