ரிஷபமும் ஓரியனும்: விண்மீன் பிறக்கும் இரு மேகங்கள்

விண்மீன் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிய விரும்புவோர் முதலில் நோக்க வேண்டியது ரிஷப விண்மீன் குழுவிலுள்ள மூலக்கூறு மேகமா (குளிர்ந்த வாயுவும் தூசும் திரண்ட பரப்பு), ஓரியன் குழுவிலுள்ள மேகமா என்று கேட்டால், நான் ரிஷபத்தையே சொல்வேன். ஏறத்தாழ 450 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அதன் இருண்ட இழைகளில் வெப்பநிலை 10 கெல்வினை (சுமார் −263 டிகிரி செல்சியஸ்) ஒட்டியே இருப்பதால், வாயுவின் அழுத்தம் ஈர்ப்பைத் தாங்க மாட்டாமல் போக, அடர்ந்த கருக்கள் மெல்லச் சுருங்கி, சூரியனை ஒத்த அல்லது அதனினும் சிறிய விண்மீன்களாகப் பெரிதும் தனித்தனியே உருவாகின்றன. அங்குள்ள எச்.எல். டாரி விண்மீனைச் சூழ்ந்த தூசுத் தட்டின் வளையங்களை சிலியிலுள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி 2014-இல் படம்பிடித்தது. கோள்கள் உருவாகும் சூழலை அத்துணைத் துல்லியமாகக் காட்டிய படம் அதற்கு முன் இல்லை.

ஆயினும், பெரும்பாலான விண்மீன்கள் கூட்டமாகவே பிறக்கின்றன என்பதால், சுமார் 1,350 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள ஓரியனை விட்டுவிடவும் முடியாது. அங்கே டிரப்பீசியம் என்னும் இளம் விண்மீன் கொத்திலுள்ள, சூரியனைப் போல் 30 மடங்குக்கும் மேற்பட்ட நிறைகொண்ட ஒரு விண்மீனின் புற ஊதா ஒளி, தன்னைப் பெற்ற மேகத்தையே அரித்து, அருகிலுள்ள இளம் விண்மீன்களின் தூசுத் தட்டுகளையும் ஆவியாக்கி வருகிறது. அவ்வொளியில் மிளிரும் வாயுவைத்தான் ஓரியனின் வாள் பகுதியில் மங்கலான திட்டாக நாம் வெறுங்கண்ணால் காண்கிறோம்.