சறுக்கினால்தான் சுவாரசியம்: நாஸ்காரின் நாலு தலைமுறைக் கார்கள்

2024இல் பிரிஸ்டல் தடத்தில் நாஸ்கார் கார்ப் பந்தயங்கள் இரண்டு நடந்தன. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் தடம் அது. ஒரு சுற்று அரை மைலுக்குச் சற்றுக் கூடுதல், தரை கான்கிரீட், வளைவுகள் கிண்ணத்தின் ஓரம் மாதிரி சரிந்து நிற்கும். மார்ச் மாதப் பந்தயத்தில் டயர்கள் யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் தேய்ந்துபோயின. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தவர் கொஞ்ச நேரம் பறந்துவிட்டு அப்புறம் பின்வரிசைக்குப் போனார். பொறுத்து ஓட்டியவர் மெல்ல முன்னே வந்தார். முன்னிலை 54 தடவை கைமாறியது. குறுந்தடப் பந்தயங்களில், அதாவது ஒரு மைலுக்கும் குறைந்த தடங்களில், அது சாதனை. கடைசியில் டெனி ஹாம்லின் ஜெயித்தார்.

செப்டம்பரில் அதே தடம், அதே கார். கைல் லார்சன் 500 சுற்றில் 462 சுற்று முன்னால் ஓடி ஜெயித்தார். நம்மூரில் அது ஞாயிறு விடியற்காலை. அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தேன். பாதியில் காபி போடப் போய், பால் பொங்கி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் அப்போதும் லார்சன்தான்.

புது டிசைன் வந்து பந்தயத்தையே கெடுத்துவிட்டது என்று ரசிகர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் புலம்புகிறார்கள். அதில் எவ்வளவு உண்மை? அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு நடத்தும் முதன்மைத் தொடரான கோப்பைத் தொடரின் கடைசி நான்கு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். பிடிமானம் கூடிப்போனால் ஓட்டுகிறவருக்குச் சுகம், பார்க்கிறவருக்குத் தூக்கம்.

கோணல் வண்டி (1992–2007)

நான்காம் தலைமுறை என்று இதைச் சொல்வார்கள். பெயர்தான் ஸ்டாக் கார். கடையில் விற்கும் காருக்கும் இதற்கும் அப்போதே உறவு விட்டுப்போயிருந்தது. இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துச் செய்த சட்டம், அதன் மேல் தகரத்தை அடித்து வளைத்த உடம்பு, 5.86 லிட்டர் வி8 என்ஜின், கார்புரேட்டர், நாலு கியர். அணிகள் பெரும்பாலானதைத் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்டன. 2000களின் தொடக்கத்தில் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வைத்துப் பார்த்து, உடம்பின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இல்லாதபடி முறுக்கிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் நண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அந்தக் கோணலில் லாபம்.

இந்தக் கார் நிலையில் நிற்காது. தார் தேய்ந்து சொரசொரப்பான டார்லிங்டன் தடத்தில் டயர் சீக்கிரமே விட்டுவிடும். பின்பக்கம் வெளியே ஓடும். 2003 மார்ச்சில் அங்கே நடந்த முடிவை இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கர்ட் புஷ்ஷின் வண்டியில் பவர் ஸ்டீயரிங் போய்விட்டது. வெறும் கைவலுவில் திருப்பிக்கொண்டிருக்கிறார். ரிக்கி கிரேவன் பக்கத்தில் வந்து சேர, கடைசி வளைவிலிருந்து இரண்டு வண்டியும் ஒன்றோடொன்று ஒட்டி, இடித்து, புகையோடு கோட்டைத் தாண்டின. 0.002 வினாடியில் கிரேவன் ஜெயித்தார்.

ஆனால் அதே காரில்தான் ஆட்கள் செத்தார்கள். 2000இல் கென்னி இர்வின். 2001 பிப்ரவரியில் டேட்டோனா 500இன் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லோரும் திட்டிய வண்டி (2007–2012)

'கார் ஆஃப் டுமாரோ' என்று பெயர் வைத்தார்கள். உயரம் 2 அங்குலம் கூட்டி, அகலம் 4 அங்குலம் கூட்டி, ஓட்டுநர் இருக்கையை நடுப்பக்கமாக நகர்த்தினார்கள். பின்னால் ஸ்பாய்லருக்குப் (காற்றைத் தடுத்து வண்டியைத் தரையோடு அழுத்தும் தகடு) பதில் ஒரு இறக்கை. கோணல் உடம்பெல்லாம் இனி நடக்காது. அளவுச் சட்டம் ஒன்றை வண்டி மேல் இறக்கி அங்குலம் அங்குலமாகச் சோதித்தார்கள். 2007 மார்ச்சில் பிரிஸ்டலில் முதல் ஓட்டம். ஜெயித்தவர் கைல் புஷ். ஜெயித்த கையோடு, இந்த வண்டியை ஓட்டவே பிடிக்கவில்லை, படு மோசம் என்று பேட்டி கொடுத்தார். தோற்றவர் சொல்லியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

பாதுகாப்பில் அது சொன்னதைச் செய்தது. 2008இல் டெக்சாஸில் மைக்கேல் மெக்டவல் தகுதிச் சுற்றில் சுவரில் மோதி உருண்டு உருண்டு வந்து, இறங்கி நடந்து போனார். பந்தயமாகப் பார்த்தால் மொத்தையான வண்டி. எடை மையம் உயரம், வளைவில் பாரமெல்லாம் வலப்பக்க டயரில். அதன் பலனை 2008 ஜூலையில் இண்டியானாபொலிஸில் பார்த்தார்கள். டயர் ரப்பர் தரையில் படியாமல் தூளாக உதிர்ந்தது. டயர் வெடித்துவிடுமோ என்று பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு ஒரு முறை மஞ்சள் கொடி காட்டி வேகத்தைக் குறைக்கச் சொல்லி, எல்லோரையும் டயர் மாற்றும் பிட்டுக்கு அழைத்தார்கள். பந்தயம் என்று அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இங்கே நிறுத்தி பிரிஸ்டல் 2024ஐ நினைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் டயர்தான் தேய்ந்தது. பிரிஸ்டலில் எவ்வளவு தேயும் என்பது ஓட்டுநரின் காலில் இருந்தது. அடக்கி ஓட்டினால் டயர் நீடித்தது. இண்டியானாபொலிஸில் எப்படி ஓட்டினாலும் தேய்ந்தது. முன்னது திறமைக்குச் சோதனை, பின்னது வெறும் கோளாறு.

இந்த வண்டி ஒரு விசித்திரமும் செய்தது. முன் பம்பரும் பின் பம்பரும் ஒரே உயரத்தில் அமைந்ததால், புதிதாகத் தார் போட்ட வழவழப்பான டலடேகா என்ற பெரிய தடத்தில் இரண்டு கார்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே போகலாம் என்று கண்டுபிடித்தார்கள். பின்னால் தள்ளுகிறவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. முன் காரின் பின்கண்ணாடிதான் தெரியும், மீதியை ரேடியோவில் கேட்டுக்கொள்ள வேண்டும். ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் என்ஜின் கொதிக்கத் தொடங்கியதும் இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். 2010, 2011 இரண்டு வருடமும் ஏப்ரல் பந்தயத்தில் முன்னிலை 88 தடவை கைமாறியது. 2011 பந்தயம் 0.002 வினாடியில் முடிந்தது, டார்லிங்டன் சாதனைக்குச் சமமாக. 88 என்ற எண்ணைப் பார்த்து நான் வாய் பிளக்க மாட்டேன். என்ஜின் சூடானதால் வழிவிட்டதையெல்லாம் முந்தியதாகக் கணக்குப் போட முடியாது.

அப்புறம், அதே 2011இல்தான் டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் சீசன் முடிவில் சமப் புள்ளியில் நின்றார்கள். ஐந்து வெற்றிக்கு ஒரு வெற்றி என்ற கணக்கில் பட்டம் ஸ்டூவர்ட்டுக்குப் போனது. எல்லோரும் திட்டிய வண்டியில் அப்படி ஒரு பட்டப்போட்டி.

அழகு வண்டி (2013–2021)

ஆறாம் தலைமுறையைப் பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பார்வைக்கு அழகு என்பதைத் தாண்டி அதற்கென்று ஒரு குணம் கடைசி வரை அமையவில்லை. ஃபோர்டு ஃபோர்டு மாதிரியும் டொயோட்டா டொயோட்டா மாதிரியும் தெரிந்தன. பெரிய அணிகள் காற்றியக்கத்தில் பணத்தைக் கொட்டின. 2016 சார்லட் 600 மைல் பந்தயத்தில் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் 400 சுற்றில் 392 சுற்று முன்னால் ஓடினார். பிரச்சினை கலங்கிய காற்று: முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துப்போட்ட பின் பின்னால் வருகிறவரின் மூக்கைத் தரையோடு அழுத்த நல்ல காற்று மிஞ்சாது, வளைவில் வண்டி திரும்பாமல் சுவர்ப் பக்கம் வழுக்கும்.

2019இல் அதற்கு வைத்தியம் என்று ஒன்றரை மைல் தடங்களில் என்ஜினை 550 குதிரைசக்திக்குக் குறைத்து, பின்னால் பெரிய ஸ்பாய்லரை நிறுத்தினார்கள். கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழவே தேவையில்லாமல் போயிற்று. மஞ்சள் கொடிக்குப் பின் மறுபடி கிளம்பும் இரண்டு சுற்று அமர்க்களம், அதன் பிறகு ரயில் வண்டி. நான்கு தலைமுறையில் எனக்கு மிகப் பிடிக்காத ஏற்பாடு இதுதான்.

நெக்ஸ்ட் ஜென் (2022 முதல்)

சட்டம், உடம்பு, கியர்பெட்டி, சக்கரம் என எல்லா முக்கிய பாகமும் ஒவ்வொன்றுக்கும் ஒரே நிறுவனத்திடமிருந்து; அணிகள் வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். தகரம் போய் கூட்டுப்பொருள் தகடுகள். 15 அங்குல இரும்புச் சக்கரம் போய் 18 அங்குல அலுமினியம். ஐந்து நட்டு போய் நடுவில் ஒன்றே ஒன்று. பிட்டில் நட்டு கழற்றி மாட்டும் துப்பாக்கி 'டர்ர்ர்' என்று ஐந்து முறை இறங்குவதை ஒரு வினாடியில் முடித்த ஆட்களின் கைவித்தை அதோடு போயிற்று. எனக்கு அது ஒரு குறைதான். பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், முன்னும் பின்னும் தட்டினால் மாறும் ஐந்து கியர், காரின் அடிவயிறு முழுக்க மூடிய தளம்.

முதல் வருடத்திலேயே 19 பேர் ஜெயித்தார்கள், 2001இன் சாதனைக்குச் சமம். ஒன்றரை மைல் தடங்களில் நிஜமாகவே பந்தயம் உயிர் பெற்றது. வண்டியைத் தரையோடு பிடித்து வைக்கும் காற்றழுத்தம் பெருமளவு அந்த அடித்தளத்திலிருந்து வருகிறது. டயரின் பக்கச்சுவர் குட்டை, அதனால் பிடி விடும்போது முன்னறிவிப்பு கொடுக்காது, சட்டென்று சுழற்றிவிடும். அந்த வேகத்தில் இது முரட்டு வண்டி. 2024 மே மாதம் கான்சாஸில் லார்சனும் கிறிஸ் பூஷரும் ஒருவரை ஒருவர் உரசியபடி கோட்டைத் தாண்டியபோது முதலில் ஜெயித்ததாகக் காட்டியது பூஷரை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து 0.001 வினாடியில் லார்சன் என்று அறிவித்தார்கள். கோப்பைத் தொடரின் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு.

இதே வண்டியைக் குறுந்தடத்தில் விட்டால் பசுவாகிவிடுகிறது. மார்ட்டின்ஸ்வில்லை எடுத்துக்கொள்வோம். காகிதக் கிளிப் மாதிரி அரை மைல் தடம், நேரே போய் பிரேக் பிடித்து ஊசி முனையில் திரும்ப வேண்டும். (2010இல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் தொடரில் முதன்முதலாக ஓட்டியது இங்கேதான், 13ஆம் இடம்.) பழைய காரில் சின்ன பிரேக் சூடாகும், வளைவில் வேகத்தை இழந்தால் நாலாவது கியரிலேயே முனகிக்கொண்டு வெளியே வர வேண்டும், அந்த முனகலில் பின்னால் இருப்பவர் உள்ளே மூக்கை நுழைப்பார். இப்போது பெரிய சக்கரத்துக்குள் பெரிய பிரேக். தப்புச் செய்தால் ஒரு கியர் இறக்கித் தப்பை மறைத்துவிடலாம். இடித்தாலும் தகடு மடங்கி டயரில் உரசாது, பயம் இல்லை. எல்லோரும் ஒரே வேகத்தில் போனால் யாரை யார் முந்துவது? 2022 ஏப்ரலில் அங்கே சேஸ் எலியட் முதல் 185 சுற்று முன்னால் போனார், பிறகு வில்லியம் பைரன் 212 சுற்று. மொத்தமே 403.

அதே வருட அக்டோபரில் அங்கே ராஸ் சாஸ்டெய்ன் செய்ததைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கடைசிச் சுற்றில் பத்தாம் இடம். ஐந்தாவது கியரைப் போட்டு, காரைச் சுவரில் சாய்த்து, மிதியை விடாமல் இரண்டு வளைவையும் சுவரோடு உரசியே சுற்றி வந்தார். சுற்று நேரம் 18.845 வினாடி. ஐந்தாம் இடம் வந்து, தகுதிப் பட்டியலிலிருந்து ஹாம்லினை வெளியே தள்ளி, இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டார். தொடரைப் பின்பற்றாதவர்கள்கூட அந்த வீடியோவைப் பகிர்ந்தார்கள். அடுத்த சீசனுக்கு முன்பே நாஸ்கார் அதைத் தடுத்துவிட்டது. அந்தச் சுற்றில் சிலிர்ப்பைக் கொடுத்தது வண்டியின் வடிவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய தகர உடம்பாக இருந்தால் முதல் வளைவிலேயே சுருண்டிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்த இறுக்கத்துக்கு விலையும் உண்டு. 2022இல் பின்பகுதி அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தது. மோதலின் அதிர்ச்சியை வண்டி வாங்கிக்கொள்ளாமல் ஆளிடம் கொடுத்தது. கர்ட் புஷ் போகோனோ தடத்தின் தகுதிச் சுற்றில் பின்பக்கம் மோதித் தலையில் அடிபட்டு, அதன் பிறகு கோப்பைப் பந்தயத்தில் ஓட்டவே இல்லை. டார்லிங்டனில் பவர் ஸ்டீயரிங் இல்லாமல் போராடினாரே, அவர்தான். 2023க்குப் பின்பகுதியை மாற்றி வடிவமைத்தார்கள்.

எந்தத் தடத்துக்கு எது

ஒன்றரை மைலுக்கு நெக்ஸ்ட் ஜென், யோசனையே வேண்டாம். தெருத்தடத்துக்கும் அதுதான்; 2023இல் சிகாகோ தெருவில் நியூசிலாந்துக்காரர் ஷேன் வான் கிஸ்பெர்கன் தன் முதல் கோப்பைப் பந்தயத்திலேயே ஜெயித்ததற்கு, இந்தக் கார் அவர் ஆஸ்திரேலியாவில் ஓட்டிப் பழகிய வண்டிக்கு நெருங்கிய சொந்தக்காரனாக இருந்ததும் ஒரு காரணம். குறுந்தடத்துக்குப் பழைய கோணல் வண்டிதான், அதற்குள் ஆளைக் காப்பாற்றும் இருக்கையோடு. டலடேகாவுக்கு எந்தக் காரும் ஒன்றுதான். அங்கே கூட்டமாகப் போய்க் கூட்டமாக மோதுவார்கள்.

நாஸ்காரும் குறுந்தட நோயைக் குணமாக்கப் பார்த்தது. 2023இல் குறுந்தட ஸ்பாய்லரை 4 அங்குலத்திலிருந்து 2 அங்குலமாக வெட்டினார்கள், பெரிய மாற்றமில்லை. 2024 ஆகஸ்டில் ரிச்மண்டில் சீக்கிரம் தேயும் மென்மையான டயரை விருப்பத் தேர்வாகக் கொடுத்தார்கள். அது கொஞ்சம் வேலை செய்தது. ஓட்டுநர்கள் ஆரம்பம் முதலே கேட்டது வேறு: என்ஜினைப் பலமாக்கு, நேர்க்கோட்டில் வேகம் ஏறட்டும், பிரேக் போடும் தூரம் நீளட்டும், வளைவு முடிந்து மிதிக்கும்போது பின்சக்கரம் சுழலட்டும். 2026இலிருந்து ஒன்றரை மைலுக்குக் குறைந்த ஓவல் தடங்களில் 670 குதிரைசக்தி 750 ஆகும் என்று ஒருவழியாக அறிவித்தார்கள். பிரிஸ்டலும் அதில் அடக்கம். அலாரம் வைக்கத்தான் போகிறேன். காபியைப் பந்தயத்துக்கு முன்பே போட்டுக்கொள்வேன்.