விதிப்பட்டியலா, நிரூபித்துக் காட்டுவதா? கடலில் துளை போடும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் தெற்கில் வளர்ந்தவர்களுக்கு எண்ணெய் வாடை புதிதல்ல. 2020 டிசம்பரில் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலை வெடித்த காலையில் எங்கள் மெர்பேங்க் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடிவந்தார். நம் கரைக்கு எதிரே கடலடியில் எண்ணெய் தேடும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் காலைதான் நினைவுக்கு வருகிறது. அங்கே பாதுகாப்பை யார் பார்ப்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள்?

அமெரிக்கா நெடுங்காலம் நம்பியது விதிப்பட்டியலை. இன்ன வால்வு, இன்ன சோதனை என்று அரசே எழுதிவைக்கும். அதிகாரி வந்து டிக் அடிப்பார். மீறினால் பிடிப்பது சுலபம். ஆனால் பட்டியலில் இல்லாத ஆபத்துக்கு அதில் வழியில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளை மேடை வெடித்தது. கிணறு சரியாக அடைபட்டதா என்று அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனையை அன்றைய விதிகள் கட்டாயமாக்கவே இல்லை. ஆட்கள் அதைச் செய்தார்கள். குழாயில் அழுத்தம் ஏறியது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 11 உயிர்கள் போயின. எண்ணெய் 87 நாள் கொட்டியது.

பிரிட்டன் 1992-இல் வேறு வழிக்கு மாறியது. ஆபத்து எது, அதை எப்படிக் கட்டுப்படுத்துவாய் என்று கம்பெனியே எழுதி நிரூபிக்க வேண்டும். அரசு ஏற்காமல் மேடை இயங்கக் கூடாது. இதற்குக் காரணம் 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடையில் நடந்த விபத்து. பழுதுபார்க்க ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். அந்தத் தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. மற்ற பம்பு நின்றதும் இதை ஓடவிட்டார்கள். 167 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அரசு ஆய்வாளர் வந்துபோயிருந்தார்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஆயிரம் பக்க அறிக்கை அலமாரியில் தூங்கலாம். அதைக் கேள்வி கேட்கத் தெரிந்த பொறியாளர் அரசிடம் இருக்க வேண்டும். நார்வேயில் தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதி, உயிருக்கு ஆபத்து என்று கண்டால் வேலையை அங்கேயே நிறுத்தலாம். காகிதம் தூங்கினாலும் அந்த ஆள் விழித்திருப்பார்.

நமக்கு எது? தயக்கமின்றி இரண்டாவது வழி, நார்வேயின் அந்த அதிகாரத்தோடு சேர்த்து. நம் கரையோரம் ஓடும் அகுல்ஹாஸ் கடல் நீரோட்டத்தின் வேகம் மெக்சிகோ வளைகுடாவுக்கு எழுதிய பட்டியலில் அடங்காது. 2014-இல் மோசல் பே பக்கம் புருல்பட்டா கிணற்றைத் தோண்டத் தொடங்கியவர்கள், நீரோட்டத்தோடு போராடிப் பாதியில் விட்டுவிட்டு, 2019-இல்தான் முடித்தார்கள்.

ஆனால் எந்த முறையைக் கொண்டுவந்தாலும் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நம் பெட்ரோலிய ஏஜென்சியே முதலீட்டாளர்களை வரவேற்கிறது, உரிமங்களையும் கண்காணிக்கிறது. பைப்பர் ஆல்பாவுக்குப் பின் பிரிட்டன் பாதுகாப்பை எரிசக்தித் துறையிடமிருந்து எடுத்துவிட்டது. நார்வே 2004-இல் தனி அமைப்பு வைத்தது. அமெரிக்கா 2010-க்குப் பிறகு, ராயல்டி வசூலித்த கையிலிருந்தே பாதுகாப்பைப் பிரித்தது. புதிய பெட்ரோலியச் சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா 2024 அக்டோபரில் கையெழுத்திட்டார். பொதுக் கூட்டங்களுக்குப் போகும் நம்மவர்கள் வேலைவாய்ப்பைப் பற்றிக் கேட்கும் முன், துளையை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்று கேளுங்கள்.