ரிவர்ஸ் எடுக்கவே சொல்லித்தராத டிரைவிங் ஸ்கூல்: சேருவதற்கு முன் படியுங்கள்

கும்பகோணம் பக்கம் கார் பழகப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பெயர் எழுதப் போவதில்லை.

லைசென்ஸோடு சேர்த்து 7,500 ரூபாய், 21 நாள் வகுப்பு என்றார்கள். காலை ஆறு மணிக்கு வண்டி வரும்போதே உள்ளே மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் முறைக்கு 12 நிமிடம் கிடைத்தால் அதிகம். தஞ்சாவூர் சாலையில் தாராசுரம் தாண்டி நேராகப் போவோம். திருப்ப வேண்டிய இடம் வந்தால் மாஸ்டர், "இறங்குங்கக்கா, நான் திருப்பித் தர்றேன்" என்பார். பார்க்கிங் எப்போது என்று இரண்டு முறை கேட்டேன். "அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானா வந்துடும்க்கா."

லைசென்ஸ் வந்துவிட்டது. சொந்த வண்டியில் ஏறிய முதல் நாள்தான் விஷயம் புரிந்தது. கிளட்சை விட்டால் வண்டி அணைந்துபோகிறது. பயிற்சி வண்டியில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. அவசரத்துக்கு மிதிக்க வேண்டியவற்றை அவர் தினமும் எனக்காக மிதித்துக்கொண்டே வந்திருக்கிறார். நான் பிடித்தது ஸ்டியரிங் மட்டும்தான்.

நம் பக்கம் இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊர் பாபநாசத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. சாலை ஒரு வண்டி அகலம், ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால். எதிரே ஏதாவது வந்தால் யாராவது ஒருவர் மதகு வரைக்கும் பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும். ஆகஸ்டில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும் நேரம், எதிரே மினி பஸ். பின்சீட்டில் என் மகள். ரிவர்ஸில் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டியின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும் என்பதுகூட எனக்குத் தெரியாது. வயல் பக்கம் மூக்கு இறங்குகிறதே என்று பயந்து வாய்க்கால் பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் கரையை விட்டு இறங்கி, பூவரச மரத்தில் இடித்து நின்றது. அந்த மரம் இல்லையென்றால்... அதை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள்தான் இறங்கி வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள்.

மறுநாளே போய்க் கேட்டேன். பதிவேட்டை எடுத்து நீட்டினார்கள். 21 நாளும் தினம் அரை மணி நேரம் ஓட்டியதாக, என் கையெழுத்தோடு! சேர்ந்த அன்றே "ஆர்டிஓ ஆபீஸுக்கு வேணும்" என்று வரிசையாக வாங்கிய கையெழுத்து அது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் பயிற்சி குறைந்தது 21 நாள், அதில் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் குறைந்தது 10 மணி நேரம். ஒவ்வொரு நாளும் ஓட்டிய நேரத்தைக் குறிக்கத்தான் படிவம் 15 என்ற அந்தப் பதிவேடு. எனக்குக் கிடைத்தது 19 நாள், கூட்டினால் 4 மணி நேரம்கூட வராது. ஆகவே முன்கூட்டி ஒரு வரியில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு வண்டியில் எத்தனை பேர், எத்தனை நாள் ரிவர்ஸும் பார்க்கிங்கும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். இரண்டாம் வாரமும் ரிவர்ஸ் கியர் போட விடவில்லை என்றால் அன்றே கேளுங்கள்.

அப்புறம் எனக்குச் சொல்லித்தந்தவர் லாரி ஓட்டிய என் மாமா. அறுவடைக்கு முன்னால் காலியாகக் கிடந்த கொள்முதல் நிலையக் களத்தில் வைக்கோல் அடைத்த சாக்குகளை நிறுத்தி, நடுவில் வண்டியை விடச் சொன்னார். முதல் மூன்று நாள் ஆக்சிலரேட்டரைத் தொடவே விடவில்லை, ஆஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, நகர்த்தினேன். இடது கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும், சந்தேகம் வந்தால் நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும் என்பார். பத்து நாளில் சாக்கில் இடிப்பது நின்றது.

பதிவேட்டுப் பக்கத்தை அன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதை இணைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். கூட அதே வண்டியில் வந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.