டே லிலி பூனைக்கு ஆபத்தில்லை என்று சொல்லி விற்கிறார்கள், கவனம்

ரொறன்ரோப் பக்கம் பூனை வளர்க்கிறவர்கள், கோடையில் பூங்கன்று வாங்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கோ.

வீட்டு முன்பக்கத்துக்குக் கன்று பார்க்க ஒரு நேர்சரிக்குப் போனோம். "வீட்டில் பூனை நிற்குது, லிலி வேண்டாம்" என்று வாய் திறந்ததுமே சொல்லிவிட்டேன். விற்றவர் மஞ்சள் பூப் பூக்கிற ஸ்டெல்லா டி ஓரோ சட்டிகளைக் காட்டி, "இது டே லிலி. பேரில்தான் லிலி, உண்மையில் லிலி இனமே இல்லை. இதின்ர மொட்டைச் சீனர் சூப்பில் போட்டுச் சாப்பிடுகினம், பூனைக்கு என்ன வரப்போகுது?" என்றார்.

அவர் சொன்ன விவரம் அத்தனையும் சரி. முடிவு மட்டும் படுபிழை. தாவரவியலில் லிலி 'லிலியம்', டே லிலி 'ஹெமரோகலிஸ்', இரண்டும் வேறு வேறு. மனிதர் சாப்பிடலாம், நாய் தின்றாலும் வயிற்றுக் குழப்பத்தோடு போய்விடும். ஆனால் பூனையின் சிறுநீரகத்தை இரண்டுமே ஒரே மாதிரி அழிக்கும். இலை, பூ, தண்டு எல்லாம் நஞ்சு. மயிரில் ஒட்டின மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். எந்த இரசாயனம் இதைச் செய்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை, மாற்று மருந்தும் கிடையாது.

விற்றவர் பேச்சை நம்பி ஒரு கன்றை வாங்கி வந்தோம். எங்கட பூனை கறுப்பி அதின்ர இலை நுனியைக் கடித்துவிட்டு இரவு சத்தி எடுத்தாள், வீணீர் வடித்தாள். பிறகு சத்தி நின்றுவிட்டது. இந்த இடத்தில்தான் கனபேர் ஏமாறுவது. பூனை தெளிந்த மாதிரிப் படுத்திருக்கும், உள்ளே சிறுநீரகம் செத்துக்கொண்டிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் முழுதாகச் செயலிழந்துவிடும். மூத்திரம் நின்றபின் தப்புவது அபூர்வம். தின்று 18 மணித்தியாலத்துக்குள் சேலைன் ஏற்றத் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு என்றார் மிருக வைத்தியர். நாங்கள் விடிய முன்னமே அவசர கிளினிக்குக்கு ஓடினதால் கறுப்பி பிழைத்தாள். பில்லைப் பற்றிக் கதைக்கவே விருப்பமில்லை, வீட்டு வாடகையைத் தாண்டியது.

இரத்தப் பரிசோதனைத் தாளோடு கடைக்குப் போனேன். மனேஜர் தாளைக் கையில் வாங்கவே இல்லை. "கன்றைத் திருப்பிக் கொண்டுவாங்கோ, கன்றின்ர காசு தாறம்" என்றார். அந்தச் சட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கைத் துண்டாவது வையுங்கள் என்றதற்கு, அது தலைமை அலுவலகத்தின் வேலையாம்.

கன்றில் செருகியிருக்கிற அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் லிலியம் என்றோ ஹெமரோகலிஸ் என்றோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பீஸ் லிலி வேறு கதை, அது வாயை எரிக்கும், சிறுநீரகத்தைத் தொடாது. வேலியோரம் தானாக முளைத்து நிற்கிற செம்மஞ்சள் பூவும் டே லிலிதான். பூனை கடித்தது தெரிந்தால் சத்தி வரட்டும் என்று காத்திராமல், செடியைப் படம் எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போங்கள். போகிற வழியில் பெட் பொய்சன் ஹெல்ப்லைனுக்கு அடிக்கலாம். 24 மணித்தியாலமும் எடுப்பார்கள், கனடாவில் இருந்தும் கதைக்கலாம், கட்டணம் உண்டு.