ரெண்டு நாள் டாக்ஸ் லியன் க்ளாஸுக்கு 997 டாலர் கட்டலாமா? போய்ட்டு வந்தவன் சொல்றேன்

5க்கு 2 ஸ்டார். அந்த ரெண்டும் ரெண்டாவது நாள் மத்தியானம் க்ளாஸ் எடுத்த அம்மாவுக்கு மட்டும்தான், காரணம் கீழ சொல்றேன்.

க்ளாஸ் பேரு வேணாம், ஏர்போர்ட் பக்கத்து ஹோட்டல் ஹால்ல நடந்துச்சு, முதல்ல ஃப்ரீ லன்ச்னு கூப்பிட்டாங்க, "கவர்மெண்டே கேரண்டி குடுக்குற 18% வட்டி", "டாக்ஸ் பாக்கி ரேட்டுக்கே வீடு"ன்னு ரெண்டு மணி நேரம் பேசி கடைசில கார்ட உரசிட்டாங்க. நானும் என் ஃப்ரெண்டும் சேந்து போனோம். பேங்க்ல போட்டு வெச்ச பணம் தூங்குதேன்னு ஒரு அரிப்பு, வேற என்ன.

மேட்டர் தெரியாதவங்களுக்காக சொல்றேன். அமெரிக்கால உள்ளூர் ஸ்கூல், ஷெரிஃப், ரோடு மாதிரி செலவுக்கு கணிசமான காசு ப்ராப்பர்டி டாக்ஸ்ல இருந்துதான் வருது. ஓனர் கட்டலன்னா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) உக்காந்து பாத்துட்டு இருக்க முடியாது, அதனால ஸ்டேட்ட பொறுத்து ரெண்டு வழி. ஒண்ணு லியன், அதாவது அந்த பாக்கிய மட்டும் ஒரு சர்டிஃபிகேட்டா நமக்கு விப்பாங்க, டாக்ஸ நம்ம கட்டிடணும், ஓனர் அப்பறம் வட்டியோட கட்டும்போது நமக்கு வந்து சேரும், வீடு நம்மளது கிடையாது. இன்னொண்ணு டீட், இதுல சொத்தயே ஏலம் விட்ருவாங்க. இது ரெண்டும் வேற வேற விளையாட்டு. ஆனா அந்த மேடைப் பேச்சாளர் லியனோட வட்டியயும் டீடோட வீட்டயும் ஒரே மூச்சுல சொல்லுவாரு, கேக்குறவனுக்கு 18% வட்டியும் கெடைக்கும் இல்லன்னா வீடும் கெடைக்கும்னு தோணும். அங்கதான் எல்லாரும் விழுறாங்க.

18% மேட்டருக்கு வருவோம். அது ஃப்ளோரிடா சட்டத்துல உச்சவரம்பு, அதுல பொய் இல்ல. ஆனா ஏலம் அங்க இருந்து கீழ இறங்கும், கால் கால் பர்சண்டா. யாரு கம்மி வட்டிக்கு ஒத்துக்கிறாங்களோ சர்டிஃபிகேட் அவங்களுக்கு. எதிர்ல ஏலம் கேக்குறது உங்கள மாதிரி என்ன மாதிரி ஆளுங்க மட்டும் இல்ல, பெரிய ஃபண்டுங்க கம்ப்யூட்டர வெச்சு ஆயிரக்கணக்குல போடுவாங்க, 0.25% வரைக்கும் இறங்கும், டை ஆனா கம்ப்யூட்டரே ரேண்டமா ஒருத்தர எடுக்கும். 0.25%க்கு ஏன் அடிச்சுக்கிறாங்கன்னா, ஓனர் சீக்கிரம் கட்டிட்டாலும் குறைஞ்சது 5% நமக்கு தரணும்னு ஒரு ரூல் இருக்கு (0%ன்னு கேட்டா மட்டும் அது கிடையாது). நான் 1,640 டாலருக்கு ஒண்ணு எடுத்தேன், 0.25%ல, ரெண்டு மாசத்துல ஓனர் கட்டிட்டாரு, 82 டாலர் வந்துச்சு. 997 கட்டி 82! என் பொண்டாட்டி இன்னும் அத சொல்லிக் காட்டிட்டு இருக்கா.

அரிசோனால உச்சம் 16%, அதுவும் இதே மாதிரி இறங்கற ஏலம்தான், ஓனர் கட்டவே இல்லன்னா 3 வருஷம் கழிச்சு கோர்ட்டுக்குப் போகணும். அயோவால வட்டி குறையாது, மாசம் 2%, அதுக்குப் பதிலா சொத்துல எவ்ளோ பங்கு போதும்னு குறைச்சுக் கேக்கணும், எல்லாரும் ஒரே மாதிரி கேட்டா குலுக்கல். இந்த டேபிள் எல்லாம் க்ளாஸ்ல குடுத்த நோட்ஸ் பைண்டர்ல அழகா ப்ரிண்ட் பண்ணி குடுத்தாங்க, அது ஓகே. ஆனா நான் இருக்குறது டெக்சஸ், இங்க லியன் சர்டிஃபிகேட்டே விக்கிறது கிடையாது! நேரா டீட்தான், மாசத்தோட முதல் செவ்வாக்கெழமை ஏலம். அத ஹால்ல உக்காந்திருந்த டெக்சஸ்காரங்க கிட்ட முதல் நாள் காலைலயே சொல்லி இருக்கலாம், ரெண்டாவது நாள்தான் சொன்னாங்க.

டெக்சஸ் டீட்லயும் ஒரு கொக்கி இருக்கு. பழைய ஓனருக்கு 180 நாள் டைம், அதுக்குள்ள 25% பெனால்டியோட உங்க பணத்த உங்களுக்கு குடுத்து சொத்த திருப்பிக்கலாம், அவரு குடியிருந்த ஹோம்ஸ்டெட் வீடுன்னா 2 வருஷம், ரெண்டாவது வருஷத்துல பெனால்டி 50%. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குள்ள நீங்க கிச்சன இடிச்சு கிரானைட் போட்டீங்கன்னா அந்த செலவு கணக்குல சேராது, வீட்ட விழாம காப்பாத்துன பராமரிப்பு செலவுதான் சேரும்.

இப்ப அந்த அம்மா. ஸ்லைட் கூட இல்ல, கவுண்டி மேப்ப ஸ்க்ரீன்ல போட்டு பார்சல் நம்பர் (மனை நம்பர்) ஒவ்வொண்ணா அடிச்சு காட்டுனாங்க, இது மழைத்தண்ணி குட்டை, இது ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு நாடா, இதுக்கு ரோடே கிடையாதுன்னு. 2019ல ஃப்ளோரிடா ப்ரோவர்ட் கவுண்டி ஆன்லைன் ஏலத்துல ஒருத்தர் வில்லான்னு நெனச்சு 9,100 டாலர் குடுத்து ஒரே ஒரு அடி அகல புல் பட்டைய வாங்கின கதை நியூஸ்லயே வந்துச்சு. அந்த ஸ்டேட்ல டீட் வாங்கினாலும் வீட்ட ஒழுங்கா வெச்சுக்கலன்னு சிட்டி போட்ட கோட் அபராதம் மாதிரி லியன் எல்லாம் ஏலப் பணத்துல அடையலன்னா சொத்தோடயே ஒட்டிக்கிட்டு வரும், ஐஆர்எஸ் (மத்திய வருமான வரித் துறை) லியன் இருந்தா சொத்த அவங்க திருப்பி எடுத்துக்க 120 நாள் டைம் உண்டு, அப்பறம் திருப்பி விக்கலாம்னு போனா பத்திரத்துல வில்லங்கம் பாக்குற டைட்டில் கம்பெனிக்காரன், சொத்து உங்களுதுதான்னு உறுதி பண்ற க்வயட் டைட்டில் கேஸ் போட்டு கோர்ட் ஆர்டர் கொண்டா, அப்பறம் பேசலாம்பான். ஒண்ணே கால் மணி நேரத்துல இவ்ளோ சொன்னாங்க. மத்த 14 மணி நேரம் கைதட்டல்தான்.

ஒரு விஷயம் உறுத்துச்சு. பாக்கி வெச்சவங்கள மேடைல "சோம்பேறி ஓனர்"னு ஜோக் அடிச்சாங்க. மினசோட்டால ஜெரால்டின் டைலர்னு 90 வயசு தாண்டின பாட்டி, சுமார் 2,300 டாலர் டாக்ஸ் பாக்கி, பெனால்டி வட்டி எல்லாம் சேந்து 15,000 ஆயிடுச்சு, ஹெனபின் கவுண்டி அவங்க காண்டோவ (அபார்ட்மெண்ட் வீட்ட) எடுத்து 40,000க்கு வித்து மிச்சம் 25,000த்தயும் தானே வெச்சுக்கிச்சு. 2023ல சுப்ரீம் கோர்ட் 9 ஜட்ஜும் ஒரே குரல்ல இது தப்புன்னு சொன்னாங்க. அதுக்கப்பறம் பல ஸ்டேட் சட்டத்த மாத்திட்டு இருக்கு, பைண்டர்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல.

அதவிட மோசம், போனஸ்னு ஒரு லெட்டர் டெம்ப்ளேட் குடுத்தாங்க, சர்டிஃபிகேட் வாங்கின உடனே ஓனருக்கு "சீக்கிரம் கட்டுங்க"ன்னு எழுதணுமாம். ஃப்ளோரிடால சர்டிஃபிகேட் குடுத்த வருஷத்து ஏப்ரல் 1ல இருந்து 2 வருஷத்துக்கு ஓனர்கிட்ட அப்படி பேசவே கூடாது, பேசினா ஏலத்துல இருந்தே தள்ளி வெக்கலாம். காசு வாங்கிட்டு மாட்டி விடுற டெம்ப்ளேட்!

பைண்டர்ல இருக்குற மத்ததெல்லாம் கவுண்டி டாக்ஸ் கலெக்டர் சைட்லயும் ஸ்டேட் சட்டத்துலயும் ஃப்ரீயா கெடக்கு. லியனோ டீடோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ செவ்வாக்கெழமை ஏலத்துக்குப் போய் பின்னாடி நின்னு வேடிக்கை பாருங்க, எனக்கு க்ளாஸ விட அதுல அதிகம் புரிஞ்சுச்சு.

ஞாயித்துக்கெழமை சாயங்காலம் 12,000 டாலர் மென்டரிங்னு ஒண்ண தள்ளுவாங்க. என் ஃப்ரெண்ட் கையெழுத்து போட்டுட்டான். அவன் வொய்ஃப்தான் தேடிக் கண்டுபிடிச்சாங்க, ஹோட்டல் மாதிரி தற்காலிக இடத்துல 130 டாலருக்கு மேல எதாவது வித்தா 3 வேலை நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம்னு எஃப்டிசி (வாடிக்கையாளர ஏமாத்தாம பாத்துக்குற மத்திய அரசு அமைப்பு) ரூல் இருக்கு, சனிக்கெழமையும் அதுல வேலை நாள்தான். அப்ப கடைசி நாள் புதன்கெழமை, ராத்திரி பத்து மணிக்கு போஸ்ட் ஆபீஸ் மூடி இருக்கும்னு பயந்து மத்தியானமே சர்டிஃபைட் மெயில்ல அனுப்பிட்டாங்க, ஒம்பது நாள்ல முழுப் பணமும் வந்துருச்சு. என் 997 போனது போனதுதான், நான் நாலாவது வாரம்தான் ரூல படிச்சேன்.