தண்ணீர் இல்லாத ஃப்ளோ பேட்டரி: வனேடியம் சேர்மமா, கரிம மூலக்கூறா?

ஃப்ளோ பேட்டரியில் மின்னாற்றல் சேர்வது இரண்டு தொட்டிகளில் இருக்கும் திரவத்தில். தண்ணீரைக் கரைப்பானாக வைத்தால் 1.23 வோல்ட்டைத் தாண்டும்போது தண்ணீரே பிரியப் பார்க்கும். அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பான் ஏறக்குறைய 5 வோல்ட் அகலத்துக்குப் பிரியாமல் ஈடுகொடுக்கும். அதற்காகத்தான் எளிதில் தீப்பிடிக்கும் திரவம், விலை கூடிய உப்பு, குறைவான கடத்துதிறன் என எல்லாத் தொல்லையையும் பொறுத்துக்கொள்கிறோம். சரி, அதில் எதைக் கரைப்பது?

நான் எடுத்தது வனேடியம் என்ற உலோகத்தின் சேர்மமான வனேடியம் அசிட்டைல்அசிட்டோனேட். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லெவி தாம்சன் குழு 2009-இல் காட்டிய சேர்மம், 2.2 வோல்ட் தரும். எதிரே நின்றவை கரிம மூலக்கூறுகள், குறிப்பாக கென்டக்கி பல்கலைக்கழகத்தில் சூசன் ஓடம் குழு வளர்த்தெடுத்த ஃபீனோதயசீன் வகை.

கரைதிறனில் கரிமத்துக்கே வெற்றி. அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருந்து, அசிட்டோநைட்ரைலோடு எந்த விகிதத்திலும் கலக்கும் ஃபீனோதயசீன் ஒன்று உண்டு. என் வனேடியம் லிட்டருக்கு சுமார் 0.6 மோலோடு நின்றுவிடும். ஆனால் சார்ஜ் ஏறிய பிறகு அந்த ஃபீனோதயசீன் உப்பாகிவிடுகிறது, உப்பு அவ்வளவு தாராளமாகக் கரையாது. விளம்பரத்துக்கு எடுக்கும் எண் ஒன்று, பேட்டரிக்குள் கிடைப்பது இன்னொன்று. விலையிலும் வனேடியத்தை நம்ப முடியாது. 2018-இல் அது எகிறிய எகிறல் நினைவிருக்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது, இரு தொட்டித் திரவங்களையும் பிரித்து நிற்கும் மெல்லிய தடுப்பான மெம்பிரேனின் கசிவு. அசிட்டோநைட்ரைலில் அயனிகளைக் கடத்தவும் வேண்டும், மூலக்கூறைத் தடுக்கவும் வேண்டும் என்றால் நல்ல மெம்பிரேன் கிடைப்பது கடினம். பலரும் நுண்துளைப் பிரிப்பான்களை வைத்தே ஓட்டுகிறோம். ஆக, இந்தத் தொட்டிச் சரக்கு அந்தத் தொட்டிக்குப் போகத்தான் போகிறது. போனபின் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வனேடியத்தில் இரு தொட்டியிலும் ஒரே சேர்மம். அதில் வனேடியம் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கும்; சார்ஜ் செய்யும்போது ஒரு பக்கம் நான்காம் நிலைக்கு ஏறும், மறுபக்கம் இரண்டுக்கு இறங்கும். இரண்டும் கலந்தால் மறுபடி மூன்றுதான். அன்றைய சார்ஜ் வீணாகும், சரக்கு வீணாகாது. இரு தொட்டியையும் ஒன்றாகக் கலந்து சரிபாதியாகப் பிரித்தால் பழையபடி தொடங்கலாம். நேர்ப்பக்கம் ஃபீனோதயசீன், எதிர்ப்பக்கம் பென்சோதயடயசோல் என்று இரண்டு வேறு மூலக்கூறுகளை வைத்தவருக்கு இந்த வசதி இல்லை. கலந்தது கலந்ததுதான். அதற்கு அவர்கள் கண்ட வழி, முதலிலேயே இரண்டையும் இரு தொட்டிகளிலும் சேர்த்தே ஊற்றுவது. கசிவின் பாதிப்பு குறையும், ஆனால் ஒவ்வொரு தொட்டியிலும் பாதிச் சரக்கு வேலையே செய்யாமல் கிடக்கும். கரைதிறனில் கிடைத்த ஆதாயம் அங்கேயே கரைந்துபோகிறது. இரு பக்கமும் ஒன்றே வேலை செய்யும் நைட்ராக்சைடு ரேடிக்கல்கள் கரிமத்திலும் உண்டு; அவை தருவது 1.7 வோல்ட்டை ஒட்டி.

வனேடியத்தின் குறையையும் சொல்ல வேண்டும். துளி ஈரமோ ஆக்சிஜனோ புகுந்தால் ஆக்சிஜன் ஒட்டிய வனடைல் சேர்மமாக மாறிக்கொள்ளும். அப்புறம் கலந்து பிரித்தாலும் மீளாது. காற்றும் ஈரமும் புகாத குளோவ் பாக்ஸை விட்டு வெளியே எடுக்க மனம் வராத சரக்கு இது. 2009 கட்டுரையிலேயே கூலம்பிக் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது, கசிவும் அதற்கு ஒரு காரணம். நான் பேசுவதெல்லாம் மேசை மேல் நிற்கும் சிறு செல்லை வைத்துத்தான். பெரிய தொட்டியில் மாதக்கணக்கில் ஓட்டினால் ஈரமே என் தேர்வைத் தோற்கடித்தாலும் ஆச்சரியமில்லை.

கூடவே ஒரு நல்ல கரிமத் தொகுப்பு வேதியியலாளர் இருந்தால் என் பேச்சைக் கேட்க வேண்டாம். மூலக்கூறில் ஒரு தொகுதியை மாற்றி வோல்ட்டேஜையும் ஆயுளையும் நகர்த்த அவர்களால் முடியும். அந்தச் சுதந்திரம் எனக்கு இல்லை. இல்லினாய் பல்கலைக்கழகக் குழுவினர் போல, சார்ஜை ஏற்று இறக்கும் ரெடாக்ஸ் அலகுகளைப் பெரிய பாலிமரில் கோத்து, பிரிப்பானின் துளை வழியே நுழையவே விடாமல் செய்யும் வழி நீண்ட ஓட்டத்தில் தேறினால், நானும் வனேடியத்தை விட்டு அந்தப் பக்கம் போவேன். பாலிமர் கரைசல் கெட்டியானால் பம்புக்குச் சுமை கூடுமே என்பதுதான் அதில் எனக்கு இருக்கும் தயக்கம்.